பக்கத்து லயத்து ஆள்

என் மனைவி எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். நிரந்தர நியமனம் கிடைக்க வேண்டுமானால் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி இணையத்தில் நடந்தது. வட்டவளைக்கு மேலே இருக்கும் எங்கள் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சிக்னல் வராது. மலையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்தான் வரும். சனிக்கிழமைகளில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை முடித்து, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, அவளோடு மேலே ஏறுவேன். அவள் கல்லில் உட்கார்ந்து படிப்பாள். நான் பின்னால் நின்று குடை பிடிப்பேன். எங்கள் பக்கம் மழைக்கு நாள் கிழமை கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பத்து வயதில் நுவரெலியாவுக்குக் கரட் கழுவப் போய்விட்டேன். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். நாலு பேர் பார்க்கும்போது வாய் திறக்க மட்டும் வராது. அவள் உயர்தரம் வரை படித்தவள். அதை ஒருநாளும் அவள் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் வீட்டில் அவள் முன்னால் மட்டும் நான் தாராளமாகப் பேசுவேன்.

பயிற்சியில் ஒரு ஒப்படை வந்தது. பின்னப் பாடம் ஒன்றைக் கற்பித்து, அதைப் போனில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பாடசாலை விடுமுறை. பிள்ளைகள் யாரும் இல்லை.

"ஏங்க, நீங்க ஒக்காருங்களேன். பத்து நிமிசந்தான்."

"நானா? வேணாம் புள்ள. யார் யாரெல்லாம் பார்ப்பாங்களோ."

"லெக்சர் மிஸ் மட்டுந்தான் பார்ப்பாங்க. வேற யாரு?"

சம்மதித்தேன். மா டின்னின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். பள்ளிக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டாள். காலையில் சுட்ட ரொட்டியை இரண்டாக வெட்டி என் முன்னால் தட்டில் வைத்தாள்.

"மகன், இது எத்தனை?"

"மகனா?"

"டீச்சர்மாரு அப்படித்தான் கூப்பிடுவாங்க. சிரிக்காதீங்க, பதிவாகுது."

"அரை," என்றேன்.

"அரையும் அரையும் சேர்ந்தா?"

"ரெண்டு அரை."

தோட்டத்தில் எடுக்க வேண்டிய கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான், விழும். மறுநாளும் குறைந்தால் இன்னொரு அரைப் பேர். இரண்டையும் சேர்த்து முழு நாள் வேலை செய்தாய் என்று யாரும் சொன்னதில்லை. என் அம்மாவுக்கு விழுந்த அரைப் பேர்களெல்லாம் அரையாகவே இருந்தன. அந்த நினைப்பில்தான் சொன்னேன். அவள் ரொட்டித் துண்டுகளைக் காட்டித் திரும்பக் கேட்டாள். நான் திரும்பவும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. காதைத் தேய்த்தேன். "எனக்குத் தெரியல புள்ள," என்றேன்.

"பரவாயில்ல மகன். மெதுவா யோசிங்க."

போனை நிறுத்திவிட்டு இரண்டு துண்டையும் ஒட்டவைத்துக் காட்டினாள். முழு ரொட்டி. பட்டென்று விளங்கியது. சந்தோஷத்தில் கையைத் தட்டிவிட்டேன். "இப்ப எடு," என்றேன். இரண்டாவது தடவை கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னேன். முதுகைக்கூட நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

"மொதல்ல எடுத்தத அழிச்சிரு."

அவள் போனில் எதையோ அழுத்தினாள். "அழிச்சாச்சு. போதுமா?" என்றாள். அந்த ரொட்டியை இருவரும் தின்றோம். அன்று முழுக்க எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. நான் குடை பிடித்து நின்றேன். போனில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பல முகங்கள். லெக்சர் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர்.

"எல்லாரும் இந்த வீடியோவைப் பாருங்கோ. மெல்லக் கற்கிற மாணவனை எப்பிடிக் கையாள வேணும் எண்டு இந்தப் பிள்ளை வடிவாச் செய்திருக்கிறா."

அப்புறம் என் குரல் கேட்டது. ரெண்டு அரை. ரெண்டு அரை. எனக்குத் தெரியல புள்ள.

குனிந்து பார்த்தேன். போனுக்குள் காதைத் தேய்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் குரல், "நல்லா நடிக்கிறாரு மிஸ்!" என்றது.

"நடிப்பு மாதிரித் தெரியேல்லையே. உண்மையாத்தான் விளங்கேல்லைப் போல. ஆரம்மா அவர்?"

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "பக்கத்து லயத்து ஆளு மிஸ்," என்றாள்.

நான் குடையை நகர்த்தவில்லை. போன் நனைந்துவிடும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். வகுப்பு முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இறங்கி வரும்போது அவளே தொடங்கினாள்.

"நீங்க எல்லாத்தையும் சரியா சொல்லிட்டா, நான் என்னத்தப் படிச்சுக் குடுத்தேன்னு அவங்க பார்ப்பாங்க? தெரியாத புள்ளைக்கு எப்படிச் சொல்றோம்ங்கிறதுலதான் புள்ளி."

"அழிச்சிட்டேன்னு சொன்னியே."

"அழிச்சிருந்தா இன்னைக்கு என்னையப் பாராட்டியிருப்பாங்களா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அடுத்ததை என்னால் கேட்க முடிந்தது.

"பக்கத்து லயத்து ஆளா நானு?"

வழுக்கும் இடத்தில் அவள் எப்போதும் என் தோளைப் பிடிப்பாள். அன்றைக்குத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் யாருக்கும் இது தெரியாது. ஊர் சிரித்திருந்தால்கூட ஆறியிருக்கும். முகம் தெரியாதவர்கள் சிரித்ததையும் மறந்துவிட்டேன். என் அரைகுறைப் படிப்பு அவளுக்கு ஒரு குறையே இல்லை என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அதுதான் போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டிலும் என் பேச்சு குறைந்தது.

மூன்று வாரம் கழித்து இன்னொரு ஒப்படை. அவள் சேலை மாற்றி, மா டின்னை எடுத்து வைத்து, ரொட்டியை நான்காக வெட்டினாள்.

"ஏங்க, கொஞ்சம் வந்து ஒக்காருங்க."

"பக்கத்து லயத்து ஆளக் கூப்பிடு," என்றேன்.

வெளியே வந்து வாசலில் உட்கார்ந்து, தீட்டிய கத்தியையே திரும்பத் தீட்டினேன். உள்ளிருந்து அவள் குரல் வந்தது. காலி இருக்கைக்குப் பாடம் நடத்தினாள்.

"மகன், நாலு கால் சேர்ந்தா எத்தனை?"

கேட்டுவிட்டு நிறுத்தினாள். ஒரு ஆள் யோசித்துச் சொல்லும் அளவுக்கு நேரம் விட்டாள். விடை எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.