குறுங்கோளில் பாதிப் பங்கு

அருப்புக்கோட்டையில் உரக்கடை வைத்திருப்பவன் வெயில் நேரத்தில் என்ன செய்வான்? தூங்குவான். நான் குறுங்கோள் தேடினேன். தொலைநோக்கியில் எடுத்த படங்களை என்னைப் போன்ற ஆர்வலர்களுக்கு இணையத்தில் அனுப்புவார்கள். வானத்தில் ஒரே இடம், கொஞ்சம் இடைவெளி விட்டு எடுத்த நாலு படம். மாற்றி மாற்றிப் பார்த்தால் நட்சத்திரங்கள் அசையாது. நகர்கிற புள்ளிதான் நம் ஆள்.

ஒரு நாள் ஒன்று நகர்ந்தது. ஐயோ, நகர்ந்தேவிட்டது! ஏற்கெனவே தெரிந்த குறுங்கோள்களின் பட்டியலிலும் அது இல்லை. கல்லாவிலிருந்து எழுந்து ஒரு குதி குதித்தேன்.

"வெயிலு மண்டைக்கு ஏறிருச்சா?" என்றாள் மனைவி.

படம் அனுப்பியவர்களுக்கே புள்ளியைக் குறித்து அனுப்பிவிட்டு, புதுசுதான் என்று சொல்லிவிட மாட்டார்களா எனத் தவியாய்த் தவித்தேன். பதில் வருமுன்பே ஊரெல்லாம் சொல்லியும் விட்டேன். வாய் நின்றால்தானே!

சேதி எங்கள் சொந்த ஊரான பரளச்சிக்குப் போய், பெரியப்பா மகன் பஸ் ஏறி வந்துவிட்டார். வரப்புத் தகராறில் என்னோடு பேச்சையே நிறுத்தியிருந்த அண்ணன்.

"ஏலே, எங்கனயோ நெலம் கண்டுபிடிச்சிருக்கியாம்ல?"

"நெலமில்லண்ணே, பாறை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சூரியனச் சுத்துது."

"எத்தனை ஏக்கர் வரும்?"

"வெளிச்சத்த வச்சுத்தான் கணக்குப் போடணும். கருத்த பாறை வெயிலக் கொஞ்சமாத்தான் திருப்பி அனுப்பும். அதனால கருப்பா இருந்தாப் பெருசு, வெளுப்பா இருந்தாச் சிறுசு. எந்த நிறம்னு இன்னும் தெரியல."

"கரிசலாத்தான் இருக்கும். நம்ம வம்சத்துக்கு வேற எது அமைஞ்சிருக்கு?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பங்காளிக்குப் பாதி உண்டுல்ல? அதக் குடு. ஊருல வரப்ப நான் விட்டுத்தாரேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். மனைவி உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

பிறகு பதில் வந்தது. பட்டியலில் இன்னும் ஏறவில்லையே தவிர, அதை எனக்கு முன்பே வேறு யாரோ பார்த்துப் பதிந்துவிட்டார்களாம். அழுகையே வந்துவிட்டது. பாறை போச்சு, வரப்பும் போச்சு என்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அங்கே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அவென் முந்திக்கிட்டானா? சரி, போறான். வரப்பு விட்டது விட்டதுதான்லே."

"அப்ப உங்க பாதி?"

"நீ தேடுறத விட்றாத. காலைல மொத பஸ்ஸுக்கு நானும் வாரேன். ரெண்டு பேரு பாத்தா ஒண்ணாச்சும் நகராமயா போயிரும்?"