குறுக்கே வராத ஆடு

ரஞ்சிதா புதுக் காருக்கு ஆசைப்பட்டு, பழைய காரை நடுரோட்டில் நிறுத்தி வேண்டுமென்றே இடி வாங்கினார் என்று கறம்பக்குடி பஸ்ஸில் யாரோ யாரிடமோ சொன்னார்களாம். அதைப் பின்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தவர் ரஞ்சிதாவின் கணவர் ஆனந்தராஜ். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒரு வார்த்தை குறையாமல் ஒப்பித்தார். கேட்டுக்கொண்டிருந்த ரஞ்சிதாவின் கால் நாற்காலிக்கு அடியில் தரையை ஓங்கி மிதித்தது.

அந்தக் கால் அப்படித்தான். பயிற்சிக் காரின் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிய கால். டவுன் பஸ் வேகமெடுத்தால் மிதிக்கும். பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் பாய்ந்து வந்தால் மிதிக்கும். "எங்க வீட்டுக்காரர் பேச்சுக்குந்தான் மிதிக்கிறேன், நிக்க மாட்டேங்குது" என்பார்.

ஒரே ஒரு வெள்ளைக் கார், அதன் தலையில் ஒரு பலகை. அவ்வளவுதான் அவருடைய டிரைவிங் ஸ்கூல். கறம்பக்குடிப் பக்கம் வெளிநாட்டுச் சம்பளத்தில் வாங்கிப் போர்வை போர்த்தி நிறுத்திய கார்கள் ஏராளம். வாங்கியவர்கள் சிங்கப்பூரில் இருப்பார்கள். ஓட்டத் தெரியாத மனைவிமார்கள் வாரம் ஒருமுறை தூசு தட்டுவார்கள். அந்தப் பெண்களைச் சாவியும் கையுமாக ரோட்டுக்குக் கொண்டுவருவதுதான் ரஞ்சிதாவின் பிழைப்பு.

"கண்ணாடியப் பாருங்கன்னா ஒங்க மொகத்தப் பாக்கச் சொல்லல, பின்னால வர்றவன் மொகத்தப் பாருங்க." "கிளட்ச்ச மாமியா கைய ஒதர்ற மாதிரி விடாதீங்க. நடக்கப் பழகுற புள்ள கைய விடுற மாதிரி விடுங்க." பாடம் முழுக்க இப்படித்தான். நல்லா ஓட்டுகிறேனா என்று ஆசையாகக் கேட்டால், "இல்ல. வண்டி நல்லா ஓடுது" என்பார். தன்னிடம் பணம் கட்டிப் படித்த பெண்ணை லைசென்ஸ் டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போய், "இந்தப் புள்ளைய பாஸ் போட்டுறாதீங்க சார், ரோட்டுல நானும் நடக்கணும்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னவர். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு மோர் குடிக்கிற ஆள்.

ரஞ்சிதாவால் கட்டுப்படுத்த முடியாதது ஒன்றுதான்: மாணவிகளின் பக்தி. கறம்பக்குடி ரோட்டில் வளைவுக்கு ஒரு சாமி. கோயிலைக் கண்டால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையும் தானாக எழும்பிவிடும். காளிக்கு ஒரு கும்பிடு, கருப்பருக்கு ஒரு கும்பிடு, பிள்ளையாருக்குக் கூடுதலாகத் தலையில் இரண்டு குட்டு. அதற்குள் வண்டி வயலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். "மனசுக்குள்ள கும்புடுங்க, சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். கோயில் வந்தால் அவர் தன் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துவார். மாணவி ஆற அமரக் கும்பிட்டுக்கொள்ளலாம். பிறகு புறப்படலாம்.

இந்தச் சமரசம்தான் காரின் முதுகை நசுக்கியது.

அன்றைக்கு ஓட்டியவர் மூக்காயி, பலாப்பழ வியாபாரி. டிரைவர்களோடு சண்டை போட்டுச் சலித்து, சொந்தமாக ஒரு குட்டியானை வாங்கித் தானே ஓட்டுவது என்று சபதம் எடுத்தவர். அந்தச் சின்ன லாரிக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டார். ஐயனார் கோயில் வளைவு வந்தது. மூக்காயி கையெடுத்தார். ரஞ்சிதா பிரேக்கை மிதித்தார். வண்டிதான் நின்றுவிட்டதே என்று தானும் கண்ணை மூடிக் கும்பிட்டார். மூடுவதற்கு ஒரு நொடி முன்னால், ஆசிரியருக்கென்று தனியாக ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில், பின்னால் பளபளவென்று ஒரு புதுக் கார் வருவதைப் பார்த்தார். அதை ஓட்டி வந்தவரின் இரண்டு கைகளும் தலைக்கு மேல் குவிந்திருந்தன.

டமார்.

யாருக்கும் கீறல்கூட இல்லை. இறங்கி வந்தவர் சேரன். சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்து, முந்தின நாள்தான் காருக்குப் பூஜை போட்டவர். முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் ரஞ்சிதாவின் டிக்கிக்குள் கிடந்தது. கூட்டம் கூடி, "எதுக்கும்மா நடுரோட்டுல நிறுத்துனீங்க?" என்று கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ரஞ்சிதா உண்மையைச் சொல்ல ஒரு நொடி யோசித்தார். அந்த இடைவெளியில் மூக்காயி புகுந்துவிட்டார்.

"ஆடு! ஆடு குறுக்க பாஞ்சிருச்சுல்ல!"

இரண்டே நாளில் சேரனின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. எந்த முகாந்திரமும் இல்லாமல் சாலை நடுவே நிறுத்தியது ரஞ்சிதாவின் குற்றமாம். ரஞ்சிதாவின் இன்சூரன்ஸ் எதிராளியின் நட்டத்துக்கு மட்டும்தான் கொடுக்கும். தன் காரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் சேரனின் இன்சூரன்ஸ் கம்பெனி மனமிறங்க வேண்டும். கார் சரியாகாவிட்டால் ஸ்கூலே இல்லை. ஆக, நிறுத்தியதற்கு ஒரு முகாந்திரம் தேவைப்பட்டது. இருந்த ஒரே முகாந்திரத்துக்கு நாலு காலும் ஒரு வாலும் இருந்தன.

கொஞ்ச நாளில் சேரனும் இறங்கி வந்தார். கேஸ் நடந்தால் பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவார்கள் என்று எவரோ கிளப்பிவிட்டதில் மனிதருக்குத் தூக்கமில்லை. போனில் கெஞ்சினார். "அக்கா, நோட்டீஸை வாபஸ் வாங்கிர்றேன். நானும் ஆட்டப் பாத்தேன்னு சொல்லிர்றேன். ஆட்டு மேல தப்புன்னா நம்ம ரெண்டு பேரும் தப்பிச்சோம்."

"ஆட்டுக்கு லைசென்ஸ் இல்லீங்களே தம்பி" என்றார் ரஞ்சிதா. சிரிப்புதான் வந்தது. ஆனால் மறுக்கவில்லை.

அந்த ஆடோ நாளொரு மேனியாக வளர்ந்தது. விபத்தன்று வெறும் ஆடு. டீக்கடைக்குப் போன மூக்காயி அதைக் கறுப்பாக்கினார். சந்தையில் அதற்குச் சினை பிடித்தது. கழுத்தில் மணி ஏறிய மறுநாள், ஐயனார் கோயில் பக்கத்துக் காட்டுக்காரர் ஆண்டியப்பன் ரஞ்சிதா வீட்டு வாசலில் ஒரு கறுப்பு ஆட்டோடு நின்றார். கழுத்தில் மணி. கால் நொண்டியது.

"மணி கட்டுன கறுப்பாடுன்னா அது என்னோட ஆடுதேன் தாயி. அன்னையிலருந்து நொண்டுது. எனக்கும் ஒரு நியாயம் சொல்லுங்க. இல்லன்னா நானும் கேசு போடுவேன்."

இப்படித்தான் சேரனின் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நேரில் பார்க்க வருகிறேன் என்று சொன்ன காலையில், ஐயனார் கோயில் வளைவில் எல்லோரும் கூடிவிட்டார்கள். இரண்டு கார்களும் அன்று இடித்த நிலையிலேயே மறுபடி கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்தன. ரஞ்சிதாவின் காரில் தொங்கிய பம்பரில் ஆண்டியப்பன் ஆட்டைக் கட்டினார். சாட்சி முன்னால் நிற்க வேண்டுமாம். பக்கத்தில் வந்ததும் சர்வேயர் போன் செய்வார்.

மூக்காயி ஆட்டை மேலும் கீழும் பார்த்தார். "யோவ், ஏன் இவ்வளவு எளச்சுக் கெடக்கு? நான் சொன்னது நல்ல கொழுத்த ஆடுய்யா!"

"கவலையில எளச்சுருச்சு."

"அக்கா, எனக்கு வியாழக்கெழம ஃபிளைட்" என்றார் சேரன், யாரும் கேட்காமலே. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இவருக்கு நான் ஏதாச்சும் குடுத்துர்றேன். ஆடு இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்க்கா. நமக்கு நல்லதுதான்."

ரஞ்சிதா ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வாசலில் நொண்டியது இடது முன்னங்கால். இப்போது நொண்டுவது வலது. குனிந்து அந்தக் காலைத் தூக்கினார். குளம்பு இரண்டுக்கும் நடுவே ஒரு பொடிக்கல்லை வைத்து, மேலே துணி நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது.

"என்னங்க இது?"

ஆண்டியப்பன் கோயிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் ரஞ்சிதாவைப் பார்த்தார். "நாலு காலயும் ஒரே மாதிரி வச்சுருந்தா நம்புவாகளா தாயி?"

"வாயில்லா சீவனுங்க. வலிக்காதா?"

"நீங்க இல்லாத ஆட்டயே கொண்டாந்து வச்சீங்க. நான் ஒரு கல்லுதான வச்சேன்."

மூக்காயி முதலில் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல் காரில் சாய்ந்து சிரித்தார். அதைப் பார்த்து சேரனுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு வந்தேங்க்கா" என்று சிரிப்பின் நடுவே உளறினார்.

"தெரியும். கண்ணாடியில பாத்தேன். நானும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நான்தான் மொதல்ல" என்றார் மூக்காயி, பரிசு வாங்கப் போகிறவரைப் போல. சட்டென்று சிரிப்பு நின்றது. "டீச்சர், சொல்லிப்புடாதீங்க. ஒங்க ஸ்கூல் போயிரும். எனக்கு யாரு லைசென்ஸ் வாங்கித் தருவா? குட்டியானைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

ரஞ்சிதா கீழே உட்கார்ந்து, ஆட்டின் காலைத் தன் மடியில் வைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கல் உருண்டு விழுந்தது. அந்த நேரம் காருக்கு மேல் வைத்திருந்த அவருடைய போன் அதிர்ந்துகொண்டே தகரத்தில் ஊர்ந்தது. திரையில் 'சர்வேயர் சார்'.

"எடுக்காதீங்கக்கா! மொதல்ல ஒரே மாதிரி பேசிக்குவோம்" என்றார் சேரன்.

"எடுத்து ஆடுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். ஒத்த வார்த்த!"

"மணியயும் சொல்லிருங்க தாயி."

ரஞ்சிதா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுப் போனைக் கையில் எடுத்தார். அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மற்றொரு கையால் பம்பரில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, ஆட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டிக் காட்டுப் பக்கம் ஓட்டிவிட்டார்.