பெரியப்பா பெயருக்கு முன்னால் ஒரு கமா

தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலப் பக்கத்தை நான்தான் எழுதினேன். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆங்கில அறிக்கைகளைத் திருத்துவது என் வேலை. அதனால் நான் எழுதியதை வீட்டில் யாரும் சரிபார்க்கவில்லை.

ஆசி வழங்கும் பெரியவர்களின் பெயர்களை ஆளுக்கு ஒரு வரியாக அடித்துக் கொடுத்திருந்தேன். இடம் போதவில்லை என்றார் அச்சகக்காரர். சேர்த்துப் போட்டு நடுவில் கமா வைத்துவிடுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். முதல் வரியில் இரண்டு பெயர்கள் வந்தன. முதலில் ‘லேட்’ என்ற சொல்லோடு காலமான தாத்தாவின் பெயர், ஒரு கமா, பிறகு பெரியப்பாவின் பெயர். அச்சாகி வந்தபோது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வெளிநாட்டு உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியதும் நான்தான்.

அந்த வாரம் பெரியப்பாவுக்குச் சென்னையில் இதய ஆபரேஷன். அவர் மகன், எங்கள் அண்ணன், கூடப் போயிருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பெரியம்மா தனியாக இருந்தார். கல்யாண வேலைக்காக நானும் ஊருக்கு வந்திருந்தேன்.

ஒரு நாள் மதியம் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பில்லை. அழவும் இல்லை.

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, கடைசியாத்தான் எனக்குச் சொல்லுவீங்களா?” என்று அப்பாவிடம் கேட்டார்.

எங்களுக்கு எதுவும் புரியவில்லை. கனடாவில் வளர்ந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி பெரியம்மாவுக்குப் போன் செய்து, பெரியப்பா தவறிவிட்ட செய்தி பார்த்து மனசு கேட்கவில்லை என்றாளாம். அப்பா உடனே அண்ணனைக் கூப்பிட்டார். போன் அணைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரி எண்ணை யாரும் எடுக்கவில்லை. பெரியம்மா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

அண்ணனே திரும்பக் கூப்பிட்டார். பெரியப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், இப்போதுதான் கஞ்சி குடித்தார் என்றார். போனைப் பெரியம்மாவின் காதில் வைத்தோம். பெரியப்பாவின் குரலைக் கேட்டபிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

அவள் பார்த்தது கல்யாணப் பத்திரிகையைத்தான் என்று தெரிந்ததும், தமிழ் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணை எல்லோரும் திட்டினார்கள். நான் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொல்லி அந்த வரியைக் காட்டினேன்.

“இங்க இருக்குற சொல்லு அங்க இருக்குற ஆளு மேல எப்படிமா வுழும்?”

நடுவில் கமா மட்டும் இருந்தால், முன்னால் இருக்கும் ‘லேட்’ இரண்டு பேருக்கும் பொதுவாகிவிடுகிறது என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. பெரியம்மா அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். “அவரு கிட்ட இத சொல்லாத” என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கொடுக்காமல் மீந்த பத்திரிகைகளை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு வரியாகப் புதிதாக அச்சடித்தோம். போனவை போனவைதான்.

கல்யாணத்துக்குப் பெரியப்பா மெலிந்துபோய், அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் ஆசி வாங்கக் குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினார். மஞ்சள் தடவிய, முதலில் அச்சான பழைய பத்திரிகை.

“இங்கிலீசுல என் பேரு எதுமா? காட்டு.”

தாத்தா பெயரையும் அடுத்து அவர் பெயரையும் விரல் வைத்துக் காட்டினேன். அவர் தன் பெயரை மெதுவாகத் தடவினார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எங்க அப்பா பேரு பக்கத்துலயே போட்டுக்கிற” என்றார் பெரியப்பா சந்தோஷமாக.