லலிதாம்பாளைப் பின்தொடர்ந்தவர்

ஓய்வு பெற்ற பிறகு சாம்பசிவனுக்குப் பகல் நீண்டுபோயிற்று. வேலையில் இருந்த காலத்தில் பக்கத்து மேசையில் என்ன நடக்கிறதென்று கூடத் திரும்பிப் பார்க்காத மனுஷர். வலியசாலை வீட்டில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. அதில் பேசியவர் உளவுத்துறையில் இருந்தவராம். அந்த வித்தைகளை அன்றாட வாழ்க்கைக்கு எப்படிப் பயன்படுத்துவதென்று சொல்லிக்கொடுத்தார். பின்னால் வருபவரைக் கடைக் கண்ணாடியில் கவனிப்பது, வேண்டுமென்றே தப்பாகப் பேசி எதிராளி வாயிலிருந்து உண்மையை வரவழைப்பது என்று ஏதேதோ. சாம்பசிவன் ஒன்றுவிடாமல் பார்த்தார்.

தெருமுனையில் குப்பைப் பையை வீசுகிறவனை அவர்தான் கண்டுபிடித்தார். தெருவே பாராட்டியது. அது தலைக்கேறிவிட்டது.

அவர் மனைவி லலிதாம்பாள் வியாழக்கிழமை மத்தியானங்களில், தையல் பழக என்று ஆரியசாலையில் சிநேகிதி ஜிஜி வீட்டுக்குப் போவாள். ஒருநாள் திரும்பியவளிடம், "ஜிஜி ஆத்துலே என்ன விசேஷம்?" என்று சும்மா கேட்டார். ஜிஜி வாங்கிய திரைச்சீலை, அதன் நிறம், அதில் உள்ள பூ என்று நீளமாகச் சொன்னாள். கேட்காததையெல்லாம் சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்பது வீடியோக்காரரின் பாடம்.

மறுநாள் சாலைக் கடைவீதியில் ஜிஜியைப் பார்த்ததும் தூண்டிலைப் போட்டார். "லலிதா தெனமும் வந்து ஒங்களைத் தொந்தரவு பண்றாளோ?"

"ஐயோ சார், லலிதாக்கா வந்து கொறே மாசமாச்சு, பாத்தே ரொம்ப நாளாச்சு! ஒடம்புக்கு சுகமில்லியா?"

அடுத்த வியாழக்கிழமை, மகன் கேசவ் விட்டுப்போன கட்டம்போட்ட சட்டையும் தொப்பியுமாக அவள் பின்னால் கிளம்பினார். அவள் நேராகத் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் போய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தாள். அவரும் எடுத்தார்.

யாரோ வரப்போகிறார்கள் என்று தூணுக்குப் பின்னால் காத்து நின்றார். யாரும் வரவில்லை. லலிதாம்பாள் ஒரு காப்பியும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து வைத்துக்கொண்டாள். நாகர்கோவில் வண்டி வந்தது, போயிற்று. ஜன்னலோரக் குழந்தை ஒன்று கையாட்ட, இவளும் சிரித்துக்கொண்டே ஆட்டினாள். அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. சாம்பசிவனுக்கு முகம் சுட்டது. போய்விடலாம் என்று திரும்பினார்.

அப்போது அவர் பையிலிருந்து போன் வீணையாக ஒலித்தது. அழைத்தவள் லலிதாம்பாள்.

போனைக் காதில் வைத்தபடியே அவள் திரும்பிப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். பிள்ளையின் சட்டையைப் பார்த்தாள்.

"டிபன் மூடி வெச்சிருக்கேன், எடுத்துச் சாப்பிட்டேளான்னு கேக்கக் கூப்பிட்டேன்" என்றாள். அவர் அருகே வந்ததும் போனை அணைத்து, "எம்மேலே சம்சயமா?"

"இல்லே லலிதா... ஆமாம்."

"இங்கே நான் யாரையும் பாக்க வரலை. நீங்க ரிட்டயர் ஆனதுலேந்து எங்கே போறே, போன்லே யாரு, என்ன யோசனைன்னு கேட்டுண்டே இருக்கேள். நான் எங்கே இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாத எடம் ஒண்ணு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்."

"சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"சொன்னா அப்புறம் அது அந்த எடமா இருக்குமோ?"

ஆட்டோவில் இருவரும் வீடு திரும்பினார்கள். அடுத்த வியாழன் அவள் கிளம்பவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. "போயிட்டு வாயேன், நான் எங்கேயும் வரமாட்டேன்" என்று அவர் கெஞ்சினார்.

"கோபமில்லை, கேட்டேளா. இனிமே அங்கே உக்காந்தா முதுகுப் பக்கமே பாத்துண்டிருப்பேன்."

அவள் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. வீடியோக்களை அழித்தார். கேள்விகளைக் குறைத்தார், வாய்வரை வந்ததைக்கூட விழுங்கக் கற்றுக்கொண்டார். ஆனால் பழகிய கண் மட்டும் அடங்கவில்லை. யார் சட்டையில் எந்தக் கறை என்று அதுபாட்டுக்கு மேய்ந்தது.

மழைக்காலம் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, "கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லி லலிதாம்பாள் கிளம்பினாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து உள்ளே போனாள். வாசலில் அவள் விட்ட செருப்பில் ஈர மணல் ஒட்டியிருந்தது. கடற்கரை என்று மனசு உடனே கணக்குப் போட்டது. எந்தக் கடற்கரை என்று போடுவதற்குள், அவசரமாகக் குனிந்து மணலைத் தட்டிவிட்டார். அவளிடமிருந்து மறுபடி எதையோ எடுத்துவிட்டது போல அவர் கை கூசியது.