கால் சேரக் கூடாத நடை

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. வீட்டுக்கு அல்ல — மெயின் ரோட்டுக்கு!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. உத்தனப்பள்ளிக்கு உள்ளே தள்ளி, நண்பன் முனிராஜின் வீடு. அவன் தக்காளித் தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த நிலமெல்லாம் லேஅவுட் ஆகிவிட்டது. கல் நட்டுக் கம்பி வேலியும் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது வேலியோரமாக ஒரு பாதை. டூவீலர் போகும், ஆட்டோவே திணறும். ஆம்புலன்ஸ் எங்கே போவது?

வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என் புலம்பலைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நான் ராணுவத்தில் துப்பாக்கியைவிட கிளாரினெட்டை அதிகம் பிடித்தவன். முனிராஜ் அதே பேண்டில் பெரிய டிரம். சலீம் டிரம்பெட், இப்போது ஓசூரில் ஹார்ட்வேர் கடை. தேவராஜ் சின்ன டிரம். இப்போது ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. மாதம் ஒரு ஞாயிறு நால்வரும் முனிராஜ் வீட்டில் கூடுவோம். வாசிப்பதெல்லாம் இல்லை... பல் போன வாயில் என்ன டிரம்பெட்? டீ குடித்துக்கொண்டு பழைய சண்டைகளையே திரும்பத் திரும்பப் போடுவோம்.

அன்று நாங்கள் மூவரும் போனபோது முனிராஜால் மூச்சுவிட முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் மனைவி கெம்பம்மா அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருந்தார். டிரைவர் மட்டும், ஸ்ட்ரெச்சரைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆக்சிஜன் வண்டில இருக்குது சார். அதுவரைக்கும் கொண்டு போய்ட்டா போதும்."

அரை கிலோமீட்டர். முன்னால் நானும் டிரைவரும். பின்னால், தலைப்பக்கம், சலீமும் தேவராஜும். தூக்கினோம்.

பத்தடி போனதுமே டிரைவருக்குச் சந்தேகம். "மிலிட்டரி பேண்டுன்னு அம்மா சொன்னாங்க... என்னா சார் ஆளுக்கொரு கால் போடறீங்க?"

ஊருக்குத் தெரியாத விஷயம் இது. சண்டை என்று வந்தால் பேண்டுக்காரன் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போக வேண்டும். பரேடில் கால் தப்பினால் தண்டனை. ஸ்ட்ரெச்சரிலோ கால் சேர்ந்தால் தண்டனை! எல்லோரும் ஒரே காலைப் போட்டால் ஸ்ட்ரெச்சர் தொட்டில் மாதிரி ஆடும். படுத்திருப்பவனுக்கு உயிர் போய்விடும். ஆகவே வேண்டுமென்றே தப்பாக நடக்கப் பழக வேண்டும். தாளத்தில் ஊறிய கால்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கொஞ்சம் அசந்தால் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பயிற்சியில் எங்களைக் காது கூசத் திட்டியவன் முனிராஜ்தான். இப்போது படுத்துக்கொண்டும் திட்டினான்.

"டேய் கிளாரினெட்டு... கால் சேருது... மாத்துடா."

மாற்றினேன். நூறடி போயிருப்போம்.

"கழுத... மறுபடியும் சேருது..."

மறுபடியும் மாற்றினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு உள்ளூரச் சந்தோஷம். திட்டுகிறான் என்றால் மூச்சு இருக்கிறது அல்லவா?

பின்னால் ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி கெம்பம்மா ஓடி வந்தார். "பேசாத வாங்களேன்... மூச்சு வாங்குது பாருங்க..."

"நாப்பது வருசமா... இவனுங்களுக்குக் காலு வரலடி..."

வேலி முடிந்தது. ஆம்புலன்ஸின் விளக்கு சுழல்வது தெரிந்தது. எனக்குத் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. வயது அறுபத்தைந்து, பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? களைத்துப் போனால் மூளை பின்னால் போய், பழக்கம் முன்னால் வந்துவிடுகிறது. என் இடது கால், சலீமின் இடது கால், தேவராஜின் இடது கால்... மூன்றும் சேர்ந்தேவிட்டன. டிரைவரின் காலையும் இழுத்துக்கொண்டன. ஸ்ட்ரெச்சர் இப்படியும் அப்படியும் ஆடியது.

திட்டுக்காகக் காத்திருந்தேன்.

ஐந்தடி... பத்தடி... 'திட்டுடா, ஒரு வார்த்தை திட்டுடா' என்று மனதுக்குள் கெஞ்சினேன். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ஆனால் பின்னால் வரும் இருவரும் அவன் முகத்தைப் பார்த்தபடிதானே வருகிறார்கள்? அவர்கள் காலை மாற்றவில்லை. ஸ்ட்ரெச்சர் ஆடிக்கொண்டே இருந்தது. சலீம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நட்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன். எல்லாம் சும்மா. என் தப்பை என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தன் இருந்தான், அவ்வளவுதான் விஷயம்.

நானும் காலை மாற்றவில்லை.

டிரைவருக்கு மட்டும் தெரியாது. மூச்சிரைக்க என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"இப்பதான் சார் கரெக்டா நடக்கறீங்க!"