கல்யாணம் முடியும்வரை

ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் சோற்றைக் கண்டாலே குமட்டியது. வலது விலாவுக்குக் கீழே வலி. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. கொச்சியில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கொச்சங்காடியில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அது வியாழக்கிழமை.

சாயங்காலம் என் கணவரிடம், "ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. ஒரு கொழப்பமும் இல்ல. வெறும் கேஸ் ட்ரபிள்தான்."

நம்பினேன். அதுவரை அவர் என்னிடம் பொய் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலுவாவில் அவர் தம்பிக்கு நிக்காஹ். இரண்டு முறை வாந்தியெடுத்துவிட்டுப் பட்டுப்புடவை கட்டினேன். மாமி, என் கணவரின் அம்மா, தன் கையாலேயே எனக்குப் பூ வைத்துவிட்டார். மண்டபத்தில் கை கழுவும் இடத்தில், பெண் வீட்டுக்காரம்மா ஒருவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"மோளே, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே! யாரும் பாக்கலையா?"

அந்த அம்மாதான் வண்டி கூப்பிட்டார். என் கணவர் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "ஈரல்ல கொழுப்பு சேர்ந்து அது வேலை செய்யாமப் போகுது. கர்ப்பத்தோட கடைசியில சிலருக்கு வரும். சர்க்கரை ரொம்பத் தாழ்ந்திருக்கு, ரத்தமும் உறையல. குழந்தைய வெளிய எடுத்தாத்தான் ரெண்டு பேருக்கும் பிழைக்க வழி. முன்னாடி டெஸ்ட் ஏதாவது எடுத்தீங்களா?"

"எடுத்தோம், ஒண்ணும் இல்லைன்னு..." என்று நான் தொடங்கும்போதே என் கணவர் போனை நீட்டினார். டாக்டர் படித்தார்.

"உடனே அட்மிட் பண்ணணும்னு அந்த டாக்டர் மெசேஜ் போட்டிருக்காரே. மூணு நாளாச்சு!"

"கல்யாணம் முடியட்டும்னு நெனச்சேன்." அதைக்கூட டாக்டரிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் உறைவதற்காகப் பை பையாகப் பிளாஸ்மா ஏற்றினார்கள். பிறகு மயக்க மருந்து. கண் விழித்தபோது இரண்டு நாள் போயிருந்தது. மகள் வேறொரு அறையில், சின்ன உருவமாக, உயிரோடு இருந்தாள். ஈரல் தேற வாரக்கணக்கானது.

என்னைப் பார்க்க வந்த மாமி அழுதார். "ரெண்டு நாள் பொறுக்கலாம்னுதான் நாங்க எல்லாரும் சொன்னோம். இவ்வளவு ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

நாங்க எல்லாரும். பூ வைத்த கைக்கும் தெரிந்திருக்கிறது.

நாற்பது நாள் கழித்து மட்டாஞ்சேரியில் என் கணவர் வீட்டுக்கே திரும்பினேன். மன்னித்துவிட்டேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எனக்குப் போக வேறு வீடு இல்லை, அவ்வளவுதான்.