காய் என்று எழுதப்பட்ட பழங்கள்

அந்த மிளகாய் பழுத்தாலும் சிவக்காது. பச்சையாகக் காய்த்து, பழுக்கும்போது வெளிறிய மஞ்சளுக்கு வந்து, அதோடு நின்றுவிடும். தெரியாதவர்கள் அதைப் பச்சை மிளகாய் என்றுதான் நினைப்பார்கள். தெரிந்தவர்கள் விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். பழமென்றால் சற்று மெத்தென்று இருக்கும். நுனி கூராக இராது, உள்ளே மடிந்து தொப்புள் போல இருக்கும். உறைப்பு விழுங்கிய பிறகுதான் தெரியவரும்.

விதையை எனக்குத் தந்தவர் முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்மணி. அவர்கள் வழக்கப்படி அக்காவுக்கு ராத்தா என்று கூப்பிடுவேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெரிசலில், பஸ்ஸில் நின்றபடி தன் பையை என் மடியில் வைத்ததில் தொடங்கிய பழக்கம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு அவர் குடும்பமும் புத்தளம் போனபோது இந்த மிளகாயும் கூடப் போனது.

"விதை எண்டு கொண்டுபோகேல்ல தங்கச்சி. ஆணம் காய்ச்சப் போட எண்டு கொண்டுபோனது. போய்ப் பாத்தா, காய்ச்சச் சட்டி இல்ல. அதால மிஞ்சினது."

மிஞ்சியதைச் சீமெந்துப் பைகளில் நட்டிருக்கிறார். ஊருக்குத் திரும்பி வந்தபோது மூன்று போத்தல் விதை கொண்டுவந்தார். எனக்கும் ஒரு பிடி தந்தார். இரண்டு வீட்டு வளவில் இருந்தால் ஒன்று அழிந்தாலும் மற்றது இருக்கும் என்பது அவர் கணக்கு.

கிளிநொச்சியில் என் வளவில் நான்கு போகம் வளர்த்தேன். ஈரத் துணியில் கட்டி வைத்தால் எட்டாம் நாள் வெள்ளை முளை தெரியும். உடைந்த பேசினில் நாற்று, ஒரு மாதத்தில் பாத்தி. அயலில் எல்லோரும் கடை விதை மிளகாய் வைத்திருந்ததால், தேனீ அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து கலக்காதபடி, விதைக்கு விடும் கிளைகளின் மொட்டுகளுக்கு வலைத்துணியில் பை தைத்துக் கட்டினேன். காய் பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காம்பில் சிவப்பு நூல் கட்டுவேன். நூல் கட்டியதைக் கறிக்குப் பிடுங்குவதில்லை.

நான்காம் போகம் முடியும் நேரத்தில் ராத்தா தொலைபேசியில் அழைத்தார். கட்டாக்காலி மாடுகள் பட்டப்பகலில் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்திருக்கின்றன.

"திண்டது பாதி, மிதிச்சது பாதி. போத்தல்ல வச்சதும் பழசாப் போச்சு, ஒண்டும் முளைக்குதில்ல. இனி உங்களிட்ட இருக்கிறதுதான்."

முந்திய போகத்து விதையை முழுக்க நட்டுவிட்டதால், என்னிடம் இருந்தது நாற்பத்திரண்டு பழம். செடிகளில் இலைச்சுருள் நோய் விழுந்திருந்தது. பழங்களைப் பிடுங்கிக்கொண்டு செடிகளை எரித்துவிட்டேன்.

அந்த வாரம்தான் ஒரு வீட்டுத்தோட்டத் திட்டத்தின் கள உத்தியோகத்தர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். பாரம்பரிய விதைக் கண்காட்சி நடக்கப் போகிறது என்றார்.

"அக்கா, பழமாவே தாங்கோ. நாங்கள் நிழலில காயவிட்டு, விதை எடுத்து, முளைதிறன் பாத்து, ஈயப் பைக்கற்றில அடைச்சுத் தருவம். பாதி உங்களுக்கு."

காற்றுப் போகாத அந்த ஈயப் பைக்கற்றில் எனக்கு ஆசை விழுந்தது. ராத்தாவின் போத்தல் விதை முளைக்காமல் போனதை அப்போதுதான் கேட்டிருந்தேன். கண்காட்சியன்று ராத்தாவை வரச்சொல்லி, பைக்கற்றாகவே கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நாற்பத்திரண்டையும் ஒரு மட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றைக்கூட எடுத்து வைக்காதது என் பிழை.

அவர் பெட்டியில் ஒட்டும் துண்டில் எழுதினார்: மிளகாய், 42 காய்.

"தம்பி, காய் எண்டு எழுதாதேங்கோ. பழம் எண்டு எழுதுங்கோ. இது விதைக்கு விட்ட பழம்."

"மிளகாயில என்ன அக்கா பழம்? பழுத்தாலும் பேர் மிள'காய்'தானே!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பத்து நாள் கழித்துப் பொதுநோக்கு மண்டபத்தில் கண்காட்சி. ராத்தா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். 'பாரம்பரிய மிளகாய்' என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் ஒரு மண்சட்டி இருந்தது. உள்ளே கடையில் வாங்கிய காய்ந்த செத்தல் மிளகாய், நல்ல சிவப்பு. உத்தியோகத்தரைத் தேடினேன். பிரதம விருந்தினரை அழைத்துவரப் போய்விட்டார் என்றார்கள். பைக்கற்றுகள் பின்னேரம் கொடுப்பார்களாக்கும் என்று ராத்தாவிடம் சொன்னேன்.

மத்தியானம் சாப்பாடு. சோறு, பருப்பு, பூசணிக்காய், ஒவ்வொரு தட்டிலும் ஒரு மோர் மிளகாய். ராத்தா மோர் மிளகாயைக் கடித்தார். மென்றார். விழுங்கினார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இது எங்கட மிளகாய்."

என் தட்டில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணெயில் கறுத்துப் பொரிந்திருந்தது. நுனி உள்ளே மடிந்திருந்தது.

குசினிக்குப் போனேன். சமையலுக்கு நின்ற மாதர் சங்கப் பெண் ஒளிக்கவில்லை.

"போன கிழமை ஒப்பீசில இருந்து மரக்கறியோட வந்த பெட்டி அக்கா. நாப்பத்திரண்டு காய் எண்டு எழுதியிருந்தது. காய் எண்டா கறிக்குத்தானே? பாத்தாலும் பச்சை மிளகாய் மாதிரி. தயிரில ஊறப்போட்டுக் காயவச்சம். ஏன், உப்புக் கூடிட்டுதோ?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதியிருந்ததை வாசித்து, வாசித்தபடி செய்திருக்கிறார்.

"எல்லாத்தையும் போட்டனீங்களோ?"

"இல்ல, ஒரு ஏழெட்டு நல்லா மெத்து மெத்தெண்டு இருந்தது. மோருக்குச் சரிவராது எண்டு அண்டைக்கே பின்னால எறிஞ்சிட்டம்."

நான் திரும்புவதற்குள் ராத்தா பின்கதவால் இறங்கிவிட்டார். குப்பை மேட்டில் வாழையிலை, தேங்காய் மட்டை, பூசணித் தோல். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு தடியால் கிளறினார். நான் எதிர்ப்பக்கம் குந்தியிருந்து கையால் கிளறினேன். மண்டபத்துக்குள் ஒலிபெருக்கியில் பிரதம விருந்தினர் எங்கள் மண்ணின் விதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"புத்தளத்திலகூட நான் குப்பை கிளறேல்ல" என்றார் ராத்தா. "உங்கட ஊருக்கு வந்துதான் கிளறுறன்."

ஏழு கிடைத்தன. தோல் அழுகி, இரண்டில் புழு. உள்ளே விதை மஞ்சளாக, கெட்டியாக இருந்தது.

அப்போதுதான் உத்தியோகத்தர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு படிவம். 'விதைகள் உரிமையாளரிடம் மீள ஒப்படைக்கப்பட்டன' என்று முன்கூட்டியே தட்டச்சு செய்திருந்தது.

"அக்கா, ஒரு சின்னப் பிழை நடந்திட்டுது. ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கோ. அதுக்குப் பதிலா வேற நல்ல இன விதை தாறம். காய்ப்பும் கூட."

ராத்தா நிமிர்ந்தார். "நாங்க திரும்பி வந்தப்ப எங்கட காணிக்கும் இதைத்தான் தம்பி சொன்னவை. பதிலுக்கு வேற நல்ல காணி தாறமெண்டு."

நான் படிவத்தை வாங்கி, தட்டச்சு வரியை வெட்டிவிட்டு, கீழே எழுதினேன்: 'கொடுத்தவை 42 பழங்கள். 35 பொரித்து உண்ணப்பட்டன. 7 குப்பையிலிருந்து உரிமையாளர்களால் பொறுக்கப்பட்டன.' கையெழுத்துப் போட்டேன். காகிதத்தில் என் விரலின் அழுக்கும் பட்டது.

"இப்பிடி எழுதினா மேல அனுப்பேலாது அக்கா."

"அப்ப அனுப்பாதேங்கோ. நடந்தது அதுதான்."

ஏழு பழத்தையும் ராத்தாவிடமே கொடுத்தேன். பாதி வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் மறுத்தேன். சாப்பாட்டுக்குத் தட்டில் விரித்த பொலித்தீன் லஞ்ச் சீற்றில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினார்.

மூன்று கிழமையில் அழைத்தார். பதினெட்டு முளைத்திருந்தது. முன்பக்க வேலிக்கு இரண்டாம் வரிசை முட்கம்பி அடித்துவிட்டாராம். "உங்களுக்கு விதை தருவன். ஆனா ஆரும் பெட்டியோட வந்தா, எனக்குச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ."

இதைக் கேட்டவர்கள், அதுதான் முளைத்துவிட்டதே, இனி விட்டுவிடு என்கிறார்கள். திட்டக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர்கள் மண்டப வாசலில் ஒட்டிய படங்களில் எங்கள் மிளகாய் 'பாதுகாக்கப்பட்ட இனம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. படம் நான் பெட்டியில் வைத்துக் கொடுத்த அன்று எடுத்தது. அந்த இனம் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம், மெத்தென்று இருந்த ஏழு பழம் மோருக்கு ஆகாது என்று ஒரு பெண் வெளியே எறிந்தது. அவர் எல்லாவற்றையும் ஊறப்போட்டிருந்தாலும் அந்தப் படம் அதே இடத்தில், அதே தலைப்போடுதான் ஒட்டப்பட்டிருக்கும்.